மயிலுக்குப் போர்வை, மனைவிக்கு வெசனம்

பழநி மலைப் பக்கம் ஒரு மயில் தோகையை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஆண் மயில் எதற்கு ஆடுகிறது என்று இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வையாவிக் கோப்பெரும் பேகனுக்குத் தெரியவில்லை. "அடப் பாவமே, குளுருதாட்ட இருக்குது" என்று தன் போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டுப் போய்விட்டார். அது உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தார் என்கிறது புறநானூறு. போர்வைக்கு அடியில் மாட்டிக்கொண்ட மயிலின் அபிப்பிராயத்தை எந்தப் புலவரும் பதிவு செய்யவில்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண் மயிலையும் யாரும் விசாரிக்கவில்லை. பேகனுக்கு மட்டும் இரண்டாயிரம் வருடமாக லைக் விழுந்துகொண்டே இருக்கிறது.

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஏழு பேரில் நான்கு பேர் நம் கொங்குப் பக்கம். பேகன் பழநி. நள்ளி நீலகிரிப் பக்கம். ஓரி கொல்லிமலை. அதியமான் தகடூர். தகடூரை எப்படிக் கொங்கில் சேர்க்கலாம் என்று தருமபுரிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். சாப்பாடு போட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம். இந்த ஏழு பேரும் போன பிறகு எட்டாவதாக வந்து சேர்ந்த குமணனின் முதிரமலையும் உடுமலை, பழநி வட்டாரத்தில்தான் இருக்கிறது என்று நாம் விடாப்பிடியாகச் சொல்லி வருகிறோம். ஆக, ஈகை என்ற ஆட்டத்துக்கு அந்தக் காலத்தில் பெரிய சர்வர் ஓடியது கொங்கில்தான்.

சர்வர் என்று சும்மா சொல்லவில்லை. கோவை காந்திபுரத்தில் எந்த டீக்கடை பெஞ்சில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள். நாலு கல்லூரிப் பையன்கள், நாலு போன், ஒரே அணி.

"மாப்ள, நாக் ஆயிட்டன்டா, வந்து ரிவைவ் பண்ணு."

"இர்றா, இந்த ஊட்டுல லெவல் த்ரீ ஹெல்மெட் ஒண்ணு கெடக்குது."

"டேய், சாகறன்டா!"

"செத்தா உன்ற பாக்ஸ நானே எடுத்துக்கறேன். வெசனப்படாத."

இந்தப் பையன்களைத் திருத்தத்தான் உலகம் முழுவதும் வீடியோ கேம் செய்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நல்லவனுக்கு மதிப்பெண் கொடு என்றார்கள். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' 2012-இல் 'ஹானர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 'ஓவர்வாட்ச்' 2018-இல், ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவருக்குச் சபாஷ் போடும் வசதியைக் கொடுத்தது. உடனே என்ன நடந்திருக்கும்? நீ எனக்குக் குத்து, நான் உனக்குக் குத்துகிறேன். நண்பனைத் தூக்கிவிட்டால் மிஷன் முடியும் என்றால், முதலில் நண்பனைச் சுட்டுக் கீழே தள்ளு, பிறகு ஓடிப்போய்த் தூக்கிவிடு. அன்புக்கு விலைப்பட்டியல் ஒட்டிய மறுநாளே அன்பு சந்தைக்கு வந்துவிடுகிறது. பேகன் விஷயத்திலும் இதுதான் சிக்கல்.

மயில் ஆடியது நட்ட நடு மலையில். நாலு பேர் பார்க்கிற இடம். பேகனுக்கு வீட்டில் ஒரு மனைவி இருந்தார். பெயர் கண்ணகி. மதுரையை எரித்த கண்ணகி வேறு. இவர் எரிந்தது வீட்டுக்குள்ளேயே. கணவர் முல்லை வேலி சூழ்ந்த இன்னொரு ஊரில் இன்னொருத்தி வீட்டுக்குத் தேரோட்டிக்கொண்டிருந்தார். மயிலுக்குக் குளிருமே என்று பதறிய மனிதருக்கு, வீட்டில் ஒருத்தி தலைவாராமல் பூ வைக்காமல் அழுதுகொண்டிருப்பது படவில்லை. கேமரா இல்லாத இடத்தில் புள்ளி ஏறாது அல்லவா.

ஆனால் கொங்குச் சர்வரில் மதிப்பெண் போடும் வேலை புலவர்கள் கையில் இருந்தது. அதைப் பேகன் மறந்துவிட்டார். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு, நான்கு புலவர்கள், ஒரே புகார். கபிலர் வாசலில் நின்று மலையைப் பாடியவர், உள்ளேயிருந்து விசும்பல் கேட்டு "யாருங்க அந்த அம்மிணி?" என்று விசாரித்தார். பரணர் இரண்டு தடவை புகார் கொடுத்தார். முதல் புகாருக்குப் பதில் வரவில்லை போலிருக்கிறது. இத்தனைக்கும் மயில் கதையை ஊரெல்லாம் பரப்பிப் பேகனுக்குப் புகழ் ஏற்றியவரே பரணர்தான். காட்சி ஏறக்குறைய இப்படி நடந்திருக்கும்:

"வாங்க புலவரே! என்ன வேணுமுங்க? யானையா, தேரா, பொன்னா?"

"எனக்குப் பசி இல்லீங்க. பின்னால ஒறம்பரைக் கூட்டமும் வரலீங்க."

"அப்ப?"

"தேரைப் பூட்டுங்க. ஏறி உக்காருங்க. ஊட்டுக்குப் போங்க. அதுதானுங்க எனக்குப் பரிசு."

அரிசில் கிழார் வந்தார். நகையும் வேண்டாம், பணமும் வேண்டாம், அந்த அம்மாள் தலையில் பூ ஏறினால் போதும் என்றார். பெருங்குன்றூர் கிழார் வந்தார். அதையே கெடு வைத்துச் சொன்னார், இன்றைக்கே கிளம்ப வேண்டும். பரிசுக்காகவே ஊர் ஊராக அலைகிற நான்கு பேர், கையை நீட்டினால் யானை வரும் வாசலில் நின்றுகொண்டு, கையை மடக்கிக்கொண்டார்கள். பேகன் வீட்டுக்குப் போனாரா என்று புறநானூறு சொல்லவில்லை. போகாமல் எப்படி இருந்திருப்பார்? அடுத்த ஊரில் போய் இவர்கள் என்ன பாடுவார்கள் என்ற பயம் ஒன்று போதாதா.

2012-இல் 'ஜர்னி' என்றொரு விளையாட்டு வந்தது. ஜெனோவா சென் குழு செய்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் பாலைவனத்தில் சேர்ந்து நடந்து ஒரு மலைக்குப் போக வேண்டும். முதலில், ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு உதவிக்கொள்ளட்டும் என்று நல்ல மனதோடு வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் தள்ளும் வசதியையே பிடுங்கிவிட்டார்கள். பதிலுக்கு, பக்கத்தில் வந்து தொட்டால் இருவர் கழுத்துத் துண்டிலும் பறக்கும் சக்தி ஊறும்படி செய்தார்கள். கூட வருகிறவர் பெயர் ஆட்டம் முடியும்வரை தெரியாது. பெயர் தெரியாவிட்டால் பீற்றிக்கொள்ள வழியில்லை, திட்டவும் வழியில்லை.

நம் நள்ளி இதை நீலகிரி அடிவாரக் காட்டில் ஏற்கனவே செய்து பார்த்துவிட்டார். வன்பரணர் என்ற புலவர் சுற்றத்தோடு நடந்து களைத்து, மழையில் நனைந்த பருந்துபோல ஒரு பலா மரத்தடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். காலில் கழலும் தலையில் மணியுமாக ஒரு வேட்டைக்காரர் வந்தார். பெரிய ஆள் மாதிரி இருக்கிறாரே என்று புலவர் எழப் போனார். "இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க" என்று கையமர்த்திவிட்டு, வந்தவர் தானே தீயைக் கடைந்து மூட்டினார். கூட வந்த ஆட்கள் வந்து சேர்வதற்குள் மான்கறியைச் சுட்டு எல்லோருக்கும் கொடுத்தார். பசியும் தீர்ந்தது, களைப்பும் தீர்ந்தது, அருவித் தண்ணீரும் குடித்தாயிற்று. புலவர் விடைபெறப் போனபோது, "காட்டாளுங்க நாங்க, குடுக்கறதுக்கு வேற ஒண்ணுமில்லீங்க" என்று மார்பில் கிடந்த ஆரத்தையும் கையில் கிடந்த கடகத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

எந்த ஊருங்க? பதில் இல்லை. யாருங்க நீங்க? பதில் இல்லை. வழியில் போகிறவர்களைக் கேட்டுத்தான் அது தோட்டி மலைக்காரர் நள்ளி என்று வன்பரணருக்குத் தெரிந்தது.

கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பெயர், தகப்பனார் பெயர், மில் பெயர், ஊர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுகிற மண்ணில் நடந்தது இது. நம்மையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது, பழைய பழக்கம். கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர்கள் சமண முனிவருக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தபோது, தாத்தா பெயர், அப்பா பெயர், பேரன் பெயர் என்று மூன்று தலைமுறையையும் பாறையில் செதுக்கி வைத்தார்கள். முனிவர் சங்கடமில்லாமல் தூங்கினாரா தெரியாது. கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு அந்த உபயம் பேருபயம்.

நள்ளி முறையிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அதே வன்பரணர்தான். நள்ளி அள்ளி அள்ளிக் கொடுத்ததில் பாணர்கள் கொழுத்துப் போய்விட்டார்கள். காலையில் வாசிக்க வேண்டிய மருதப் பண்ணை மாலையில் வாசித்தார்கள். மாலைக்குரிய செவ்வழியைக் காலையில் வாசித்தார்கள். ஓரியிடம் போன கூட்டம் இன்னும் மோசம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த வில்லாளி அவர். பரிசும் அதே வேகத்தில் வந்தது. பசி போனதும் ஆட்டம் போயிற்று, பாட்டும் மறந்தது. வருகைப் பதிவு மட்டும் உண்டு, வேலை கிடையாது. அணியில் சேர்ந்து, மூலையில் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், கடைசியில் வெற்றிப் பரிசில் பங்கு வாங்குகிற பையனின் முப்பாட்டன் இவர்களில் எவனோ ஒருவன்தான்.

இப்படிக் கெட்டுப்போகாத ஒரு புலவர் இருந்தார். பெருஞ்சித்திரனார். வறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் கோல் ஊன்றி நடக்கும் வயதான தாய், பால் வற்றிய மனைவி, பசியில் அழும் பிள்ளை. ஆனாலும் மனிதர் பெரிய ரோசக்காரர். அதியமானைப் பார்க்கப் போனார். அதியமான் வேறு வேலையாக இருந்தார் போல. ஆளைப் பார்க்காமலேயே பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டார். வேறு யாராவது என்றால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். இவர், என்னைப் பார்க்காமல், என் தரம் தெரியாமல் கொடுப்பதை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, பார்த்துவிட்டுத் தினையளவு கொடுத்தால் போதும் என்று திருப்பிவிட்டார்.

வெளிமான் என்று ஒருவரிடம் போனார். அவர் சாகக் கிடந்தார். தம்பி இளவெளிமானைக் கொடுக்கச் சொன்னார். தம்பி எண்ணி எண்ணிக் கொஞ்சம் கொடுத்தார். புலவர் வாங்கவில்லை. சண்டையும் போடவில்லை. நேராக முதிரமலைக்கு நடந்தார். குமணன் யானையே கொடுத்தார். அந்த யானையை ஓட்டிக்கொண்டு அத்தனை தூரம் திரும்பி நடந்து, இளவெளிமான் ஊருக்கு வந்து, அவருடைய காவல்மரத்தில் கொண்டுபோய்க் கட்டினார். காவல்மரம் என்றால் அரசனின் மானம். அதில் எதிரி யானையைக் கட்டினால் போர் என்று அர்த்தம். கட்டிவிட்டுச் சொன்னாராம்: கேட்கிறவர்களைக் காப்பாற்ற உங்களுக்கு மனமில்லை, அதற்காகக் கொடுக்கிறவர்களே இல்லாமல் போய்விடவில்லை, இதோ மரத்தில் நிற்பது எனக்குக் கிடைத்த பரிசு, வருகிறேனுங்க. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிய மதிப்புரைகளில் இதற்கு மேல் எடையுள்ளதை நான் பார்த்ததில்லை.

பிறகு குமணன் கொடுத்ததை எல்லாம் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். இந்த இடத்தில்தான் மனிதர் கஞ்சத்தனமாக மாறுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். பட்டினி கிடந்தவன் கையில் பணம் வந்தால் பூட்டு வாங்குவான். பெருஞ்சித்திரனார் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னது வேறு: உன்னிடம் அன்பாக இருப்பவர்களுக்குக் கொடு, நீ அன்பாக இருப்பவர்களுக்குக் கொடு, உன் சொந்தக்காரப் பெரியம்மா சின்னம்மாக்களுக்குக் கொடு, நம் பசிக்குக் கைமாற்றாக அரிசி அளந்து கொடுத்தார்களே, அவர்களுக்குக் கொடு. இன்னார் இனியார் என்று பார்க்காதே. சாமர்த்தியமாகச் சேர்த்துவைத்துப் பிழைப்போம் என்று நினைக்காதே. என்னையும் கேட்காதே. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கொங்கில் புருஷன் பெண்டாட்டியிடம் "என்னைக் கேக்காத, எல்லாத்தையும் எடுத்துக் குடு" என்று சொன்னதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். புறநானூறு 163. கணவர்மார்கள் படித்துவிட்டுப் புத்தகத்தை உயரமான இடத்தில் வைக்கவும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் கால அரசர்கள் தங்கக் கம்பிகள் என்று நினைத்துவிட வேண்டாம். புலவர் உள்ளே வந்தால் அன்பு மழை. வெளியே போனதும் கத்தியைத் தீட்டுவது. சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை கதையைப் பாருங்கள். மோசிகீரனார் என்ற புலவர் நடந்த அசதியில் அரண்மனைக்குள் மெத்தென்று ஒரு கட்டிலைக் கண்டு ஏறிப் படுத்துவிட்டார். அது வீரமுரசு வைக்கும் கட்டில். முரசைக் குளிப்பாட்ட எடுத்துப் போயிருந்தார்கள்; பூ மட்டும் கிடந்தது. அதில் ஏறினால் வெட்டு, கேள்வியே கிடையாது. அரசர் வந்தார், பார்த்தார், வாளை வைத்துவிட்டு விசிறியை எடுத்து, புலவர் கண் விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றார். தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தவருக்கு எதிரே விசிறியோடு மன்னர் நின்றதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும்! அவ்வளவு மென்மையான அதே கைதான் அதியமானின் தகடூரை அடித்து நொறுக்கியது.

கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். வள்ளல் ஓரியைக் கொன்றது வள்ளல் காரி. கொன்று, கொல்லிமலையைத் தூக்கிச் சேரனிடம் கொடுத்தார். காரியின் கோவலூரை அழித்தது வள்ளல் அதியமான். அதியமானை முடித்தது விசிறி வீசிய சேரன். ஆயுளை நீட்டும் ஒரே ஒரு நெல்லிக்கனி கையில் கிடைத்தபோது, அதன் பலனைச் சொல்லாமல் ஔவையாரைத் தின்ன வைத்த அதியமான் இவர். அணியில் இருக்கிற ஒரே மருந்துப் பெட்டியைப் பாட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டுச் சண்டைக்குப் போனால் பிறகு என்ன ஆகும்? தகடூரை அடித்த சேரனைப் பாடியவர், பேகனை வீட்டுக்குப் போகச் சொன்ன அதே அரிசில் கிழார். ஒன்பது லட்சம் காணத்தோடு சிம்மாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேரன் சொன்னபோது, நீங்களே உட்காருங்க, நான் மந்திரியாக இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர்களின் கதி அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை பரிசுத் தொகையை வைத்தே சுயநலத்தை வளர்த்துப் பார்த்தார்கள். குமணனின் தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு, அண்ணன் தலைக்குப் பொன் அறிவித்தார் என்பது கதை. காட்டில் இருந்த குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் வந்து நின்றார்; இவர் வீட்டிலும் அடுப்பில் காளான் பூத்திருந்தது. குமணனிடம் கொடுக்க ஒன்றுமில்லை, வாளைத் தவிர. "இந்தாங்க, தலையை எடுத்துட்டுப் போங்க, நல்ல விலை போகுது" என்று வாளை நீட்டினார். தம்பி போட்ட திட்டத்தின் ஓட்டை இதுதான்: தலையின் சொந்தக்காரரே பரிசைத் தானமாகக் கொடுத்துவிட்டால் யார் யாரைத் தண்டிப்பது? புலவர் தலையை விட்டுவிட்டு வாளை மட்டும் வாங்கிக்கொண்டு நேராகத் தம்பியிடம் போய்க் காட்டினார். நாடு போனதைவிட நான் வெறுங்கையோடு போவதுதான் உங்கள் அண்ணனுக்குப் பெரிய வெசனமாக இருந்தது என்றார்.

கொடுக்கிறவர்களை இப்படிக் கவனித்துக்கொண்டார்கள், சரி. கொடாதவனை? அதற்கும் ஏற்பாடு உண்டு. நன்னன் என்ற அரசன் தோட்டத்து மாங்காய் ஒன்று ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. குளிக்க வந்த பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். நன்னன் கொலைத் தண்டனை விதித்தான். (இவனுக்கு மரியாதை விகுதி கிடையாது.) பெண்ணைப் பெற்றவர்கள் 81 யானையும் அவள் எடைக்குப் பொன் பாவையும் தருவதாகக் கெஞ்சினார்கள். ஒரு மாங்காய்க்கு அது எத்தனை மடங்கு என்று கோவைக்காரர் யாரும் நொடியில் கணக்குப் போட்டுவிடுவார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, கொன்றான்.

முதல் தண்டனையைக் கோசர்கள் கொடுத்தார்கள். சொன்ன சொல்லில் நிற்கும் கூட்டம் என்று பெயரெடுத்தவர்கள். திட்டம் போட்டு அந்த மாமரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டாவது தண்டனை வாரிசுக்கு. பெருந்தலைச் சாத்தனார் ஒரு நாள் இளங்கண்டீரக்கோவையும் இளவிச்சிக்கோவையும் ஒரே இடத்தில் பார்த்தார். முன்னவர் நள்ளியின் தம்பி. அவரைக் கட்டித் தழுவினார். பின்னவர் கையை விரித்தபடி காத்திருந்தார். தழுவல் வரவில்லை. "ஏனுங்க, என்னைய மட்டும் உட்டுட்டீங்க?" என்று கேட்டார் பாவம். புலவர் விளக்கினார்: அவர் வீட்டில் ஆண்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பெண்களே பாணர்களுக்கு யானை கொடுத்து அனுப்புவார்கள், நீங்கள் பெண்கொலை செய்த நன்னன் வழி, உங்கள் மலைப் பக்கமே எங்கள் ஆட்கள் பாட வருவதில்லை. முப்பாட்டன் செய்த தப்புக்குப் பேரன் கணக்கை முடக்குவது நியாயமா என்று மேல்முறையீடு செய்ய அந்தக் காலத்தில் வழியில்லை.

மூன்றாவது தண்டனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண்தான் மாசாணியம்மன் என்று ஆனைமலையில் சொல்கிறார்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்த கோலத்தில் இருக்கிற அம்மன். நகையைத் திருடியவன், கடன் வாங்கி ஏமாற்றியவன், வரப்பைத் தள்ளிப் போட்டவன் என்று புகார் உள்ளவர்கள் அங்கே ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். எதிராளிக்கு எரியும் என்பது நம்பிக்கை. காணாமல் போன பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் கதை ஒவ்வொரு ஊரிலும் நாலு கிடைக்கும். மிளகாய் அரைக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே கைமாற்றுத் தொகை திரும்பி வந்த கதை அதைவிட அதிகம். புகாரில் உண்மை உண்டா என்று ஆட்டுக்கல் கேட்பதில்லை. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வந்து, ஒருவர் மேல் ஒருவர் அரைத்துவிட்டு, கையெல்லாம் காந்தக் காந்த ஒரே பஸ்ஸில் பொள்ளாச்சிக்குத் திரும்பலாம். டிக்கெட்டை யார் எடுப்பது என்பதில்தான் அடுத்த தகராறு.